ஊர் கூடித் தேர் இழுக்கிறது, சரி. ஊர் என்றால் யார்?

ஏட்டுச்சுரை எழுதியது:

மதம் சமூகத்துக்கு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் உடனே 'மதம் மக்களின் அபின்' என்ற மார்க்ஸ் மேற்கோள் வந்து விழும். அதே பத்தியில் மார்க்ஸ் மதத்தை இதயமற்ற உலகின் இதயம் என்றும் எழுதியிருப்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அது கிடக்கட்டும். தென்மாவட்டத்து ஊர்த் திருவிழா ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவோம், தத்துவம் தானாக வந்து சேரும்.

நான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைமின் கட்சி. மக்கள் சாமியைக் கும்பிடும்போது தங்கள் கூட்டு வாழ்வையே கும்பிடுகிறார்கள் என்று 1912இல் அவர் எழுதினார். காப்புக் கட்டிய நாள் முதல் பாருங்கள். அன்று ஊருக்குள் இருந்தவர் வெளியே போய் இராத்தங்கக் கூடாது. திருவிழா முடியும்வரை கல்யாணம் காதுகுத்து வைக்க மாட்டார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்துவிடுவார்கள். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே பந்தியில் உட்காருவார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் ஆண்டு முழுக்கக் கிழித்ததைப் பத்து நாளில் ஒட்டுப்போடும் வேறு ஏற்பாடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காட்டுவதற்கு முன்னால் ஊரின் திருவிழா வரி நோட்டைக் கொண்டுவாருங்கள். துர்கைம் ஆஸ்திரேலியப் பக்கமே போகாமல், போனவர்கள் எழுதியதைப் படித்து அங்குள்ள பழங்குடிகளைப் பற்றி எழுதியவர். நாம் அவரைவிடக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

வரி போடும் முறை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் ஊர்க்கூட்டம். கொட்டு, பந்தல், மைக்செட், பூ, வாணவேடிக்கை, அன்னதானம் என்று செலவை மதிப்பிடுவார்கள். மண்டகப்படிக்காரர்கள் தங்கள் நாள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வதால் அதைக் கழித்துவிட்டு, மீதியைத் தலைக்கட்டு எண்ணிக்கையால் வகுப்பார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் ஒருவன். மீதிச் செலவு 6 லட்சம், தலைக்கட்டு 300 என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 2,000 ரூபாய். இருபது ஏக்கர்காரருக்கும் அதே 2,000, நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் அதே 2,000. தமிழ்நாட்டில் 2025-26இல் அந்த வேலையின் நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது. முழுக்கூலி கிடைத்தாலே ஆறு நாள் சம்பளம்.

அடுத்து அந்த 300 பேர் யார் என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியலையும் வரி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எத்தனையோ ஊரில் ஒரு தெரு முழுக்கக் காணாமல் போயிருக்கும். "அவங்களுக்குத் தனிக் கோயில் இருக்கே" என்பார்கள். ஆனால் அந்தத் தெருக்காரர்தான் பறையடிக்க வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யலாம், வரி கொடுத்துப் பங்கு கேட்க முடியாது. நீங்கள் சொல்லும் ஒரே பந்தி இந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களின் பந்தி.

ஏட்டுச்சுரை எழுதியது:

வரிக் கணக்கை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. எல்லாருக்கும் ஒரே தொகை என்பதை ஏழையைச் சுரண்டுவதாகப் படிக்கிறீர்கள். கட்டுகிறவரிடம் கேளுங்கள், வேறு மாதிரி சொல்வார். இருபது ஏக்கர்காரரிடம் 20,000 வாங்கினால் அடுத்த ஆண்டே அவர் பரிவட்டம் கேட்பார், கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கோயிலில் கொடுக்கும் பணத்துக்கும் கிடைக்கும் மரியாதைக்கும் உள்ள தொடர்பை, தென்னிந்தியக் கோயில்களை ஆராய்ந்த அப்பாதுரையும் பிரெக்கன்ரிட்ஜும் 1976லேயே தெளிவாக எழுதிவிட்டார்கள்: சாமி பெற்றுக்கொள்கிறது, பெற்றதைப் பங்காகவும் மரியாதையாகவும் திருப்பித் தருகிறது. அதனால் சம வரி என்பது ஒரு தடுப்பணை. கிடா வெட்டிக் கூறு போடும்போது ஈரல் துண்டு, எலும்பு, தனிக்கறி எல்லாம் ஒவ்வொரு கூறிலும் விழுகிறதா என்று சுற்றி நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். ஒரு கூறு சிறுத்தால் பெரிய பேச்சாகிவிடும். இவ்வளவு கறாரான சமத்துவத்தை ரேஷன் கடையில்கூட நீங்கள் பார்க்க முடியாது.

ஒதுக்கப்பட்டவர்கள் விஷயம். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள். அறங்காவலரான ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. பொருட்டில்லாத ஒன்றுக்காக யாராவது கடல் தாண்டி வழக்காடுவார்களா? வெளியே நிறுத்தப்பட்டவரும் உள்ளே வரத் துடிக்கிறார் என்பதே அந்தப் புனிதம் இருவருக்கும் பொது என்பதற்குச் சாட்சி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வழக்குக்கு வெளியே என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். விருதுநகர், சிவகாசி உறவின்முறைகள், அதாவது நாடார் சமூகச் சங்கங்கள், வழக்குக்கு முன்பிருந்தே மூட்டைக்கு இவ்வளவு என்று சரக்கின்மேல் மகமை பிடித்தன. அந்தப் பொது நிதியில் வணிகர்கள் தங்கும் பேட்டை, சொந்தக் கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. கதவடைத்த கோயிலைக் காட்டிலும் அவர்கள் கட்டிய பள்ளிக்கூடங்கள் அதிகம் செய்தன. 1939 ஜூலை 8இல் காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போனவர்கள் தாழ்த்தப்பட்டோர் ஐந்து பேர், நாடார் ஒருவர். அந்த ஆலயப் பிரவேசத்துக்கு முன்னமே நாடார் சமூகம் தன் காலில் எழுந்து நின்றுவிட்டது.

வெளியே நின்றவர் எல்லாரும் உள்ளே வரத் துடிக்கவுமில்லை. 1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித்துகள் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்துக்குப் போனார்கள். உங்கள் கோட்பாட்டில் வழக்குப் போட்டால் ஒருங்கிணைவு. பேசாமல் போய்விட்டால் அதற்கு என்ன பெயர்? எது நடந்தாலும் ஜெயிக்கிற கோட்பாட்டைச் சோதிக்க வழியில்லை.

சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவிக்கு வாருங்கள். சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் ஆனித் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறவுசேரி என்று நான்கு நாடு, அதாவது நான்கு ஊர்த்தொகுதி, நாட்டுக்கு ஒரு வடம். வடத்தை யார் தொடலாம் என்பதில்தான் தகராறு. அதே உஞ்சனையில் 1979இல் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு நடத்துவதை ஒட்டி எழுந்த மோதலில் தலித்துகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். தேர் 1998இல் நின்றது, பிறகு போலீஸ் காவலோடு ஓடியது, மறுபடி பல ஆண்டு நின்றது. திருப்பணி, தேர்ப் பழுது என்று காரணம் சொன்னார்கள். 2024 ஜூனில் ஓடியதும் நீதிமன்றமும் காவல்துறையும் நெருக்கியதால்தான். தேர் ஓடாத ஆண்டுகளில் துர்கைம் சொல்லும் கூட்டுப் பரவசம் அந்த நான்கு நாட்டில் எங்கே போயிருந்தது?

முளைப்பாரி எழுதியது:

இரண்டு பேரும் தலைக்கட்டிலேயே சண்டையை முடித்துவிட்டீர்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, கணவரை இழந்தவர் பல ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் கணக்கிலேயே இல்லை. அரை வரிக்கு அரைக் கூறு. இது ஏட்டுச்சுரை மெச்சிய சமத்துவத்தில் வரவில்லை.

திருவிழாவின் பாதி வேலை நோட்டுக்கு வெளியே நடக்கிறது. முளைப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாயகன்ற சட்டியில் வைக்கோல், அதன்மேல் மக்கிய சாணி எரு, அதில் ஊறவைத்த பாசிப்பயறும் தட்டைப்பயறும் மொச்சையும். இருட்டறையில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளிச்சம் படாததால் முளை வெளிறிய மஞ்சளில் நெட்டையாக எழும்பும். கதவிடுக்கில் வெயில் வந்தால் பச்சையாகிக் குட்டையாக நின்றுவிடும். தெளிப்பதற்குப் பதில் ஊற்றினால் அடியில் அழுகும். பிரச்சினை இதற்கு மேல்தான்: செழித்தால் ஊருக்கு மழை என்பார்கள், அழுகினால் வளர்த்தவள் சுத்தபத்தமாக இல்லை என்பார்கள். லாபம் ஊருக்கு, நட்டம் அவளுக்கு. எட்டு நாள் இரவும் கும்மி கொட்டியவர்கள் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் உட்காருவதில்லை. கணக்குப்பிள்ளை சார், உங்கள் வர்க்கக் கணக்கிலும் இந்த உழைப்புக்குப் பத்தி இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நியாயம். வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடும்போது பெண் தலைமைக் குடும்பங்களைத் தனியாகப் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் விடுபட்டது சாதியாலா, கைம்மையாலா என்று தெரியாது.

வில்லங்கம் எழுதியது:

சமூகவியல் எனக்கு வராது, காகிதம் வரும். கோயில் நுழைவுச் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. அரசியல் சட்டம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது, 25இல் இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆகவே நுழைவதில் சட்டக் குழப்பம் இல்லை. பரிவட்டம், முதல் மரியாதை வேறு கதை. வழக்கப்படி யாருக்கு மரியாதை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை 1959 அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இணை ஆணையரிடம் கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் வழக்கம் என்று நிரூபித்தால்தான் மரியாதை கிடைக்கும். பழைய வழக்கம் யார் கையில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நடைமுறையில் பெரும்பாலும் அங்கே போவதே இல்லை. திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. இரு தரப்பிலும் கையெழுத்து. அது பலிக்காமல் போவதற்கு இரண்டு காரணம் உண்டு. கையெழுத்துப் போட்டவருக்கு ஊரில் சொல் செல்லாது. அல்லது "இவ்வாண்டுக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள், அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து. கடைசியில் கோட்டாட்சியர் இடத் தகராறுக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவில் பூட்டுப் போடுவார், 2024 ஜூலைக்கு முன்பு அது 145ஆம் பிரிவு. விழுப்புரம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் போட்டது அந்தப் பூட்டுதான்.

ஏட்டுச்சுரை எழுதியது:

முளைப்பாரி சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் சடங்கு என்றாலே ஒற்றுமை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் கீர்ட்ஸ் 1957இல் எழுதிய ஜாவா சாவு ஒன்று உண்டு. இறந்த சிறுவனின் மாமா இஸ்லாமிய எதிர்ப்புக் கட்சிக்காரர் என்பதால் சடங்கு நடத்த வேண்டியவர் மறுத்துவிட, பிணம் வீட்டிலேயே கிடந்தது. பக்கத்து வீட்டாரைச் சேர்த்துவைக்கும் சடங்கே அவர்களைப் பிளந்தது. கீர்ட்ஸ் அதற்காகச் சடங்கைக் குற்றம் சொல்லவில்லை. ஆட்கள் நகரத்துக்கும் கட்சிக்கும் மாறிவிட்டார்கள், சடங்கு கிராமத்துப் பக்கத்துவீட்டு உறவிலேயே நின்றுவிட்டது, அந்த இடைவெளிதான் கோளாறு என்றார். கண்டதேவியும் மேல்பாதியும் எனக்கு அப்படித்தான் படுகின்றன. ஓட்டும் ரேஷன் அட்டையும் ஊர் என்பதன் எல்லையை நகர்த்திவிட்டன, வரி நோட்டு இன்னும் நகரவில்லை. நகரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நோட்டைக் கையில் வைத்திருப்பவர் நகர்த்த விட்டால் நகரும். இடைவெளி, கோளாறு என்றால் யாருமே செய்யாமல் தானாக நேர்ந்ததுபோல் தொனிக்கிறது. மேல்பாதியில் 2025 ஏப்ரலில் பட்டியல் சாதியினர் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டபோது மறுதரப்பு கும்பிட வராமல் ஒதுங்கிக்கொண்டது. எல்லாரும் வந்தால் அது தங்கள் கோயிலாக இருக்காது என்பதுதானே அதன் பொருள்? புனிதம் பொது என்றால் கூட்டம் பெருகியிருக்க வேண்டும்.

ஏட்டுச்சுரை எழுதியது:

ஓராண்டு வருகையை வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள். ஐந்து திருவிழா போகட்டும், பிறகு எண்ணுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எண்ணலாம், ஆனால் தலைகளை எண்ணக்கூடாது. வேடிக்கை பார்க்க வந்தவரும் ட்ரோன் படத்தில் பக்தர்தான். சாமி புறப்பாட்டில் எந்தத் தெரு முக்கில் சப்பரம் திரும்புகிறது என்று பாருங்கள். கூறு ஒரே இடத்தில் போடப்படுகிறதா என்று பாருங்கள். வரி நோட்டு ஒன்றா, இரண்டா என்று பாருங்கள்.

ஏட்டுச்சுரை எழுதியது:

முதல் இரண்டும் சம்மதம். மூன்றாவதை ஏற்க முடியாது. பால்குடக் குழு, காவடிக் குழு எல்லாமே தனித்தனி நோட்டு வைத்திருக்கின்றன, அதை யாரும் பிரிவினை என்பதில்லை.

முளைப்பாரி எழுதியது:

நோட்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். திருவிழா முடிந்து வரவு செலவு வாசிக்கும் அன்று, மைக்செட்டுக்கு ஏன் இவ்வளவு என்று எழுந்து கேட்க யார் யாருக்கு உரிமை இருக்கிறது? அதை எழுதிக்கொள்ளுங்கள்.