மேல் வரியில் பிழை, கீழ் வரியில் காரணம்

உவர்மலையிலிருந்து:

மாமாவுக்குத் திருகோணமலையில் மொத்த மீன் வியாபாரம். எடை எழுதும் கொப்பிக்குப் பதிலாகப் பைதன் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். பைதன் 3இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் வெளி ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) ‘கணக்கு’, அதில் ‘மொத்தம் = 0’, அதற்குள் ‘சேர்’ என்று இன்னொரு ஃபங்ஷன்.

முதல் நாள் ‘சேர்’ மொத்தத்தைப் பிரிண்ட் மட்டும் செய்தது. ஒரு குறையும் இல்லை. மறுநாள் பிரிண்ட் வரிக்குக் கீழே ‘மொத்தம் = மொத்தம் + எடை’ என்று சேர்த்தேன். தராசில் அறுக்குளா, திரையில் ‘அன்பவுண்ட் லோக்கல் எரர்’ என்ற பிழைச் செய்தி. அதுவும் நேற்று ஓடிய அதே பிரிண்ட் வரியில்! மாமா பொறுமையாகக் கேட்டார்: “மருமோன், கொப்பியை எடுக்கட்டோ?”

அன்றிரவு உட்கார்ந்து படித்த பிறகுதான் விளங்கியது. ஒரு பெயரைப் பைதன் முதலில் உள்ளே தேடும், பிறகு சுற்றியுள்ள ஃபங்ஷனில், பிறகு கோப்பின் பொது இடத்தில், கடைசியில் பைதனோடு வரும் பெயர்களில். ஆனால் ஃபங்ஷனுக்குள் எந்த மூலையில் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தாலும், ஓடுவதற்கு முன்பே, முதல் வரியிலிருந்து அது உள்ளூர்ப் பெயர் என்று முடிவாகிவிடும். வெளியில் இருக்கும் மொத்தத்தை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. பிரிண்ட் வரி வரும்போது உள்ளூர் மொத்தத்துக்கு இன்னும் மதிப்பே வரவில்லை.

பொது இடத்துப் பெயரை எடு என்று சொல்லும் ‘குளோபல் மொத்தம்’ போட்டேன், அப்படிப் பெயரே இல்லை என்று நேம் எரர் வந்தது. பொது இடத்தில் அப்படி ஒரு பெயர் இல்லையே! சுற்றியுள்ள ஃபங்ஷனின் பெயரை எடு என்று சொல்லும் ‘நான்லோக்கல் மொத்தம்’ என்பதை உள்ளே முதல் வரியில் எழுதியதும் சரிவந்தது. 2008இல் பைதன் 3.0 வரும்வரை இந்தச் சொல் கிடையாது. அதுவரை நிரல் எழுதியவர்கள் ஒரு லிஸ்டுக்குள் எண்ணை வைத்து மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன்.

மூதூரிலிருந்து:

தம்பி, என்னைப் பிடித்தது லூப், அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. கடைக்காக லூப்பில் பொருள்களை ஓட்டி, ஆளுக்கொரு லாம்ப்டாவோடு (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) மூன்று பட்டன் செய்தேன். சீனியை அழுத்தினாலும் பருப்பு, மாவை அழுத்தினாலும் பருப்பு. லாம்ப்டா வைத்திருப்பது பெயரைத்தான், அந்த நேரத்து மதிப்பை அல்ல. அழுத்தும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து ‘பொருள்’ பருப்பில் நிற்கிறது. ‘லாம்ப்டா பொருள்=பொருள்:’ என்று எழுதிப் பாருங்கள். இயல்பு மதிப்பு லாம்ப்டா உருவாகும்போதே கணிக்கப்படுவதால் சீனி சீனியாகவே வரும்.