நம்ம வீடு குழு: வியாழக்கிழமை ஒப்பரேஷன்

ஞாயிறு

நான் (6.41 பி.ப.): எல்லோருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன். பேராதனையில் ஸ்கேன் பார்த்தாச்சு. 16 வாரம், குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் இடது பக்கச் சூலகத்தில் இருக்கிற கட்டி 10 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. வியாழக்கிழமை ஒப்பரேஷன் என்று வீஓஜி, அதாவது மகப்பேற்று டொக்டர் சொல்லிவிட்டார். புதன் காலையில் வோட்டில் சேர வேண்டும்.

சித்தி: ஐயோ மகளே. நீ சாப்பிட்டாயா முதலில்?

நான்: சாப்பிட்டேன் சித்தி. பொகவந்தலாவைக்கு வந்து சேரவே இருட்டிவிட்டது.

தம்பி: அம்மா பக்கத்தில் இருக்கிறார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது யாராவது வயிற்றை அறுப்பார்களா, பிள்ளை பிறந்த பிறகு செய்யக் கூடாதா என்று மதினியிடம் கேட்கச் சொல்கிறார். அழுதுகொண்டே இருக்கிறார்.

மதினி (7.05 பி.ப.): ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். தம்பி, இதை அத்தைக்கு மெதுவாக வாசித்துக் காட்டு.

மதினி: கர்ப்பத்தின் ஆரம்பத்தில் சூலகத்தில் தெரிகிற நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்துப் பார்த்தார்கள். இது டேர்மொயிட் கட்டி. உள்ளே கொழுப்பு, முடி எல்லாம் இருக்கும். கரையாது. இவ்வளவு பெரிதானால் சூலகத்தோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும். அப்போது நடு ராத்திரியில், மழையில், தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து ஓட வேண்டியிருக்கும். நாள் குறித்து, வெறும் வயிற்றோடு, எல்லா ரிப்போர்ட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்வது அதைவிட எவ்வளவோ மேல்.

அண்ணன்: ஏன் சரியாக இப்போது?

மதினி: முதல் மூன்று மாதத்தில்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகும், கரு கலைவதும் அப்போதுதான் அதிகம். அந்த நேரத்தில் கர்ப்பத்தைத் தாங்கும் ஹோர்மோனும் சூலகத்தில் இருந்துதான் வரும். 10, 12 வாரத்துக்குப் பிறகு அந்த வேலையை நஞ்சுக்கொடி எடுத்துக்கொள்ளும். கடைசி மாதங்களில் கருப்பை வயிற்றை அடைத்துக்கொள்ளும், முன்கூட்டியே பிரசவ வலி வந்துவிடும் பயமும் உண்டு. நடுவில் இருக்கிற இந்தக் காலம்தான் வசதி.

வீட்டுக்காரர்: மதினி, மயக்க மருந்து குழந்தைக்குப் போகாதா?

மதினி: போகும் தம்பி. குழந்தையும் கொஞ்ச நேரம் தூங்கும். வழக்கமாகக் கொடுக்கிற மயக்க மருந்துகளால் பிறவிக் குறை வருவதாகத் தெரியவில்லை. தாயின் பிரஷரும் ஒட்சிசனும் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அதற்கென்றே ஒரு டொக்டர் தலைமாட்டில் இருப்பார். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், எந்த ஒப்பரேஷனிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் விட்டுவைப்பதில் இருக்கிற ஆபத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. என் கூடப் பிறந்தவளாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

சித்தி: அக்காவிடம் சொல் தம்பி. என் சின்னவன் ஐந்து மாதம் வயிற்றில் இருக்கும்போது எனக்கு அப்பெண்டிக்ஸ் எடுத்தார்கள். அது அவசரத்தில் செய்தது, யோசிக்கவே நேரம் இல்லை. அவன் இப்போது ஏஎல் படிக்கிறான்.

தம்பி: அம்மா கேட்டுக்கொண்டார். இப்போது வேறு கேள்வி. அப்படியென்றால் பிரசவமும் சிசேரியன்தானா?

மதினி: இல்லை. கருப்பையில் கத்தி வைக்க மாட்டார்கள். இந்த ஒப்பரேஷன் செய்ததற்காகச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை.

திங்கள்

நான்: மதினி, கையெழுத்து வாங்கும் தாள் சிங்களத்தில் இருந்தால் என்ன செய்வது? கிளினிக்கில் பாதி புரிந்தது, பாதி தலையாட்டிவிட்டு வந்தேன்.

மதினி: புரியாமல் கையெழுத்துப் போடாதே. தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ் யாராவது இருக்கிறாரா என்று கேள். கேட்பது உன் உரிமை, யாரும் கோபிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வை. டொக்டரிடம் மூன்று விஷயம் கேள்: துளை போட்டுச் செய்வதா, வெட்டியா? சூலகத்தை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? ரத்தம் உறையாமல் இருக்க ஊசி உண்டா? கர்ப்பத்தில் காலில் ரத்தம் கட்டும் அபாயம் சாதாரணமாகவே கூடுதல். அதனால்தான் ஒப்பரேஷன் முடிந்ததும் எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலிக்கிறது என்று படுத்தே கிடக்காதே.

அண்ணன்: வேன் பேசியாச்சு. புதன் அதிகாலை நான்கு மணிக்கு நோர்வூட், ஹட்டன், கினிகத்தேனை வழியாக. வளைவுகளில் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

சித்தி: போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. திரும்பி வருவதைப் பற்றிப் பேசுங்கள். என்னைக் கொண்டுவந்து லயத்தில் விட்டபோதுதான் கஷ்டமே தொடங்கியது. கழிவறைக்குப் பதினைந்து படி இறங்க வேண்டும், மழையில் பாசி. தண்ணீர்க் குடத்தை யார் தூக்குவது என்று யாரும் யோசிக்கவில்லை. அடுப்புப் புகையில் இருமல் வந்தால் தையல் கிழிகிற மாதிரி வலிக்கும்.

சித்தி: அதனால் மகளே, முன் அறையில் படு, அடுப்பங்கரைப் பக்கம் வேண்டாம். இருமல் வந்தால் சின்னத் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமு. வேனிலும் அதை மடியில் வைத்துக்கொள்.

தம்பி: படியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிடித்து இறங்க மூங்கில் கட்டிவிடுகிறேன். தண்ணீரும் விறகும் என் பொறுப்பு.

வீட்டுக்காரர்: கடையில் ஒரு கிழமை லீவு தருகிறார்கள். அதற்கு மேல் கேட்டால் சம்பளம் வெட்டுவார்கள். வெட்டினாலும் பரவாயில்லை, நான் இருக்கிறேன்.

மதினி: நல்லது தம்பி. வோட்டில் இருந்து கிளம்பும்போது என்ன செய்தார்கள் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்டையும், லீவுக்கான மெடிக்கல் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். தோட்டத்து ஒபிசில் அது இல்லாமல் பேச முடியாது. டொக்டர் சரி என்று சொல்லும்வரை கொழுந்துக் கூடை தலையில் ஏறக் கூடாது. லேசான வேலை போடச் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள்.

வியாழன்

வீட்டுக்காரர் (11.52 மு.ப.): தியேட்டரில் இருந்து வெளியே வந்துவிட்டாள். நன்றாக இருக்கிறாள். குழந்தையின் இதயத் துடிப்பு 150, எனக்கும் கேட்க வைத்தார்கள். மூன்று சின்னத் துளைதான். சூலகம் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சித்தி: முருகா!

தம்பி: அம்மா விளக்கு ஏற்றப் போய்விட்டார்.

மதினி: சந்தோஷம். நாளைக்குத் தோள்பட்டை வலித்தால் பயப்படாதீர்கள். வயிற்றில் நிரப்பிய வாயு மிச்சம் இருந்தால் அப்படி வலிக்கும், ஓரிரு நாளில் போய்விடும்.

சனி

நான்: வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது. குழந்தை அசைவது மட்டும் இன்னும் தெரியவில்லை மதினி. அதுதான் மனதுக்குள் கிடக்கிறது.

மதினி: தலைப்பிள்ளைக்கு 18, 20 வாரம் கழித்துத்தான் தெரியவரும், சிலருக்கு இன்னும் பிந்தும். இப்போது தெரியாதது இயல்பு. துடிப்பைக் கேட்டுத்தானே அனுப்பினார்கள்.

தம்பி: காயத்தில் பூச அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்திருக்கிறார்.

மதினி: அத்தை, உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன், காயத்தில் எதுவும் பூச வேண்டாம். காய்ந்து சுத்தமாக இருந்தால் போதும். தண்ணீரைக் குறைக்கிற பத்தியமும் வேண்டாம். நிறையத் தண்ணீர், கீரை, பருப்பு, முட்டை, கிளினிக்கில் கொடுத்த திரிபோஷ சத்துமா. இரும்பு மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டும், முக்கினால் தையல் வலிக்கும். அப்புறம், அந்த மாத்திரையோடு பிளேன்டீ குடிக்காதே தங்கச்சி, தேயிலை இரும்பை உடம்பில் சேர விடாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடி.

நான்: வலிக்கு?

மதினி: எழுதித் தந்த அளவில் பனடோல். பாமசியில் புரூபன், டிக்லோபெனாக் மாதிரி வலி மாத்திரை கேட்டு வாங்கிவிடாதே. 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும் பாதிக்கலாம்.

மதினி: இதை எல்லோரும் ஸ்டார் போட்டு வையுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், ரத்தப்போக்கு, நீர் கசிவு, வயிறு விட்டுவிட்டு இறுகி வலிப்பது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது. இதில் எது வந்தாலும் எனக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காதீர்கள். 1990 என்ற நம்பருக்குப் போன் போட்டு அம்புலன்ஸை அழையுங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. லயத்து வாசல் வரை வராது, அதனால் ரோட்டில் ஒருவர் டோர்ச்சோடு நில்லுங்கள்.

அண்ணன்: பக்கத்து லயத்து அண்ணனிடம் சொல்லியாச்சு. ரோடு வரை தூக்கிவர நாற்காலியும் ஆளும் இருக்கிறது.

நான்: திங்கள் மிட்வைஃப் மிஸ் வந்து காயம் பார்க்கிறாராம். அவரிடம் டயக்னோசிஸ் கார்டைக் காட்டுகிறேன்.

மதினி: அதை முதலில் போட்டோ எடுத்து இங்கே போடு.

நான்: சரி மதினி, இப்போதே போடுகிறேன்.