பழைய வீட்டைப் பழுதுபார்க்கும்போது மனதைவிட்டு அகலாத ஒரு சம்பவம்: செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் பகிரலாம்

கானாடுகாத்தான் மகள்

பட்டாலைச் சுவரில், அதாவது உட்காரும் மேடைக் கூடத்துச் சுவரில், இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. பங்காளிகளில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் ஆள் வைத்தார். உப்புப் பூத்த இடங்களைக் கொத்திவிட்டுச் சிமென்டு பூசி, பட்டி பார்த்து, வெள்ளை பெயின்டும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பார்க்கப் புதுச் சுவர். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பொங்கலுக்கு வீட்டைத் திறந்தோம். செருப்பைக் கழற்றும்போது அந்தச் சுவரில் கையை ஊன்றினேன். உள்ளே பொருமிக் கிடந்த சத்தம் கேட்டது. கையை எடுப்பதற்குள் ஒரு கதவு அகலப் பூச்சு அப்படியே பெயர்ந்து காலடியில் விழுந்தது.

சிமென்டு மட்டும் விழுந்திருந்தால் இதை எழுத மாட்டேன். அதற்கு மேலே, ஓதமே எட்டாமல் இருந்த பழைய காரையையும் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தது. முகம் பார்க்கும் அளவுக்கு வழவழப்பாக இருந்த பூச்சு அது. என் ஐயா காலத்தில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் பல கை பூசி, கடைசிக் கையில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. விழுந்த துண்டின் ஒரு பக்கம் கண்ணாடியாக மின்னுகிறது, மறுபக்கம் சிமென்டு ஒட்டியிருக்கிறது. பின்னால் தெரிந்த செங்கல் கறுத்து, நனைந்து, விரல் வைத்தால் உதிர்ந்தது.

பழைய வீட்டுச் சுவரில் சிமென்டு வைக்க யாருக்கும் மனம் வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீடுகளில் நடந்ததையும் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகர்

எனக்குக் காதில் நிற்பது ஒரு சத்தம். வீட்டில் சாந்திக் கல்யாணம், அறுபதாம் கல்யாணம். தரையைப் பளிச்சென்று ஆக்குவதாகச் சொல்லி வெளியூரிலிருந்து சுத்தம் செய்யும் ஆட்கள் வந்தார்கள். நான் முகப்பில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவிலிருந்து ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஆசிட்டைக் கொட்டி, வெள்ளை நுரை பொங்கப் பொங்கத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். “அழுக்கு எப்படிக் கிளம்புகிறது பாருங்கள் ஐயா” என்று மகிழ்ச்சியோடு வேறு சொன்னார். கிளம்பியது அழுக்கல்ல, கல்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்தது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்டுக் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து எடுப்பது. மேலே தெரியும் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. வண்ணமும் மேலாக ஒரு சிறு கனத்துக்குத்தான் இருக்கிறது. ஆசிட் சிமென்டைத் தின்றுவிடும். அன்று பூவேலையின் சிவப்பு வெளிறிப்போனது போனதுதான், திரும்பவில்லை. அதே ஆசிட் சுவரில் பதித்த, சுட்டு மெருகேற்றிய ஜப்பான் ஓட்டில் பட்டபோது ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்துத்தான் தரைக்கும் ஊற்றியிருக்கிறார்கள். இத்தாலியப் பளிங்கு உள்ள வீட்டுக்காரர்களும் எச்சரிக்கையாக இருங்கள், அதையும் ஆசிட் அரித்துவிடும். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு சிந்தினால்கூட உடனே துடைத்துவிட வேண்டும். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். மீதி மெருகை நடக்கிற கால்கள் ஏற்றிவிடும்.

காரைக்குடி கட்டட மேற்பார்வையாளர்

கானாடுகாத்தான் சகோதரி சிமென்டின் மேல் மட்டும் பழியைப் போடுகிறார். ஒப்புக்கொள்ள முடியவில்லை. கோட்டையூரில் ஒரு வீட்டில் சுத்தமான சுண்ணாம்புப் பூச்சே மீண்டும் மீண்டும் உதிர்ந்தது. வீட்டுக்காரர் கொத்தனாரை மாற்றிக்கொண்டே இருந்தார். நான் போனதும் சுவரைப் பார்க்கவில்லை. முற்றத்துத் தூம்பில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, அது தெருவில் வெளியேறும் வாயருகே போய் உட்கார்ந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. முற்றத்தில் விழுந்த அத்தனை மழையும் நடுவழியில் உடைந்த குழாய் வழியாகக் கடைக்காலுக்குள் இறங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் பூச்சு வேலைக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முற்றத்துத் தூம்பை மேலே சொன்னபடி சோதியுங்கள். பல தெருக்களில் சாலையின் மேல் சாலை போட்டுப் போட்டு, வீட்டின் அடித்தளத்தைவிடத் தெரு உயர்ந்துவிட்டது. தெரு மழைநீர் சுவரோரம் நிற்கிறதா என்று மழையிலேயே நின்று பாருங்கள். குளியலறையைப் பிற்காலத்தில் எந்தச் சுவரை ஒட்டிக் கட்டினார்கள் என்று விசாரியுங்கள்.

ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறதா, அறைக் காற்றில் இருந்து படிகிறதா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு முழச் சதுரத்துக்குப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நின்றால் சுவரின் ஈரம். முன்பக்கம் நின்றால் பூட்டிக் கிடக்கும் வீட்டின் புழுக்கம். அதற்குப் பூச்சு வேலையே தேவையில்லை. ஆள் வைத்து அடிக்கடி கதவு சன்னல்களைத் திறக்கச் செய்தால் போதும்.

தண்ணீரை நிறுத்திய பிறகு உப்பைத் துடைப்பத்தால் உலர்ந்தபடியே தள்ளுங்கள். கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். சுவர் காய ஒரு கோடையாவது விடுங்கள். பூசும்போது மெல்லிய கைகளாகப் பூசி, ஒரு கை இறுகிய பிறகே அடுத்த கை. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும் பொருள். நேர் வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்டி, தண்ணீர் தெளித்து வர வேண்டும். நீற்றாத சுண்ணாம்பை வீட்டில் நீற்றுபவர்கள் கண்ணாடி அணியாமல் கிட்டே போகாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மேலே பிளாஸ்டிக் பெயின்டு அடிக்காமல் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். விசேஷம் நெருங்கி அவசரமாக இருந்தால் சுண்ணாம்புச் சாந்தில் கொஞ்சம் சிமென்டு கலந்துகொள்ளலாம், சீக்கிரம் இறுகும்.

கானாடுகாத்தான் மகள்

மேற்பார்வையாளர் ஐயாவுக்கு: எங்கள் தெருவில் சாலை உயர்ந்தது உண்மை. திண்ணைப் படிகளில் ஒன்று மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் அந்த ஈரம் பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. காரை அதை வெளியே விட்டுக்கொண்டிருந்தது, சுவரும் நின்றது. சிமென்டு வாயை அடைத்த பிறகுதான் ஈரம் வெளியேற வழி தேடி மேலே ஏறியது, உப்பு உள்ளேயே பூத்துப் பூச்சைத் தள்ளியது. தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் சரி, வெளியேறும் கதவை மூடியது யார் என்பதே என் கேள்வி.

இன்னொன்று. எங்கள் வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பொது. சாலை மட்டத்தைச் சரிசெய்யப் பேரூராட்சியிடம் போக வேண்டும், வடிகால் தோண்டப் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில். சிமென்டு பூச மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் ஊரெல்லாம் அதைச் செய்கிறார்கள்.

பள்ளத்தூர் மருமகள்

என்னுடையது கறையான். இரண்டாங்கட்டு நிலைப்படியின் அடியில் மண்கோடு ஏறியிருந்தது. மருந்தடிக்க வந்தவர் தரையோரம் முழுக்கத் துளை போட்டு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். கிணற்றடிச் சுவர்வரை வந்துவிட்டார். துளையிடும் கருவியின் சத்தத்தில் நான் கூப்பிட்டது கேட்கவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் பேச முடிந்தது. “கிணறு அந்தப் பக்கம்தானே அம்மா, சுவர் இருக்கிறதே” என்றார். சுவர் தரைக்கு மேலேதான் இருக்கிறது, தரைக்குக் கீழே வெறும் மண். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சமைக்கிறோம். கையிலிருந்த குப்பியின் தாளில் நீர்நிலையில் கலக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்ததைக் காட்டிய பிறகும் என் மாமனாரின் முகத்தைப் பார்த்தாரே தவிர என்னை அல்ல. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பின்னர் நிதானமாகப் பார்த்தபோது பர்மாத் தேக்கை அது தொடவே இல்லை. வைரம் பாய்ந்த மரம் அப்படியே இருந்தது. எப்போதோ அடியில் ஒட்டுப்போட்ட மாம்பலகையைத்தான் தின்றிருந்தது. அதை எடுத்துவிட்டு, சுவரை ஒட்டி அடுக்கியிருந்த பழைய காகிதக் கட்டுகளையும் ஓலைப்பெட்டிகளையும் அகற்றினோம். அந்த மண்கோடு ஏறிய தடத்தை ஓரிடத்தில் உடைத்து வைத்துத் தினமும் பார்த்தோம். மறுபடி கட்டினால் கறையான் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கிணற்றிலிருந்து தள்ளியிருந்த முன்கட்டில் மட்டும் மருந்து வைத்தோம்.

நாச்சியாபுரம்

எல்லாரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓதம் ஏறிய சுவரில் மின்சாரம் இருந்ததைப் பார்த்தவன் நான். மழை நாள். சுவிட்சுப் பலகைக்குக் கீழே வெறும் சுவரைத் தொட்ட என் தங்கை மகள் “மாமா, சுவர் கடிக்கிறது” என்றாள். டெஸ்டரைக் காரையின் மேல் வைத்தேன். எரிந்தது. பலகையில் அல்ல, சுவரில்.

மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டோம். மரப்பட்டைக்குள் ஓடிய பழைய ரப்பர் வயர், உறை பொடிப் பொடியாக உதிர்ந்து கிடந்தது. பியூஸ் போகவில்லை, எம்சிபியும் விழவில்லை. அவை அதிகச் சுமைக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். மனித உடலில் பாயும் சிறு கசிவை அவை கவனிக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டை விசேஷத்துக்குத் திறக்கிறவர்கள் சீரியல் விளக்குப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வயரிங்கில் மட்டும் நாமே கை வைக்க வேண்டாம்.

புதுவயல் கொத்தனார் பேரன்

ஓடு மாற்ற வந்த பையன் ஒருவன் நாட்டு ஓட்டின் நடுவே காலை வைத்துவிட்டான். நான் கீழே தாழ்வாரப் பத்தியில் நிற்கிறேன், தலைக்கு மேலே முழங்கால்வரை ஒரு கால் தொங்குகிறது, ஓட்டுச் சில்லு என் தோளில் விழுகிறது. சட்டம் குறுக்கே இருந்ததால் பிழைத்தான், சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்று முதல் யார் கூரை ஏறினாலும் எனக்கு அந்தக் காலின் நினைப்புத்தான். ஓட்டின் மேல் ஏணியைப் படுக்கப்போட்டு, அதன் மேல் நடக்க வேண்டும். பாசி பிடித்த ஓட்டில் ஈரத்தோடு ஏறவே கூடாது. ஒழுகும் இடம் பெரும்பாலும் ஓடு அல்ல, இரண்டு கூரை சேரும் கூடல்வாய்தான். அதில் வேப்பஞ்சருகு அடைத்துத் தண்ணீர் பின்வாங்கி மரத்தில் இறங்கும். புரட்டாசியிலேயே அள்ளிவிடுங்கள். ஓடு உடைந்தால் புதிய ஓடு வளைவு பொருந்தாது. இடிக்கும் வீடுகளில் பழைய ஓடு கிடைக்கும்போது வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிற்கும் தூணும் நிலையும் ஒவ்வொன்றும் இடித்த வீட்டில் இருந்து வந்ததுதான். பார்க்கும்போதெல்லாம் மனம் தாங்குவதில்லை.

மேற்பார்வையாளர் ஐயா சொன்ன தூம்புச் சோதனை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கடைசி வரி வேண்டாம் ஐயா. சுண்ணாம்பில் ‘கொஞ்சம்’ சிமென்டு என்று சொன்னால் வேலை செய்கிறவர் கையில் அது பாதிக்குப் பாதி ஆகிவிடும். கொஞ்சமே சேர்த்தாலும் இரண்டின் குணமும் கெட்ட சாந்துதான் கிடைக்கும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் நன்றாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஐயா மாடித்தளத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அதைத்தான் சேர்ப்பார், ஈரமான இடத்திலும் இறுகும். கானாடுகாத்தான் அக்கா, முட்டை கடைசிக் கையில் மட்டும் போதும், அடிப்பூச்சில் கேட்டால் கொடுக்காதீர்கள். விழுந்த துண்டுகளைக் கொட்டிவிடாமல் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். எத்தனை கை பூசியிருக்கிறார்கள், எந்தக் கையில் எவ்வளவு மணல் என்று உடைந்த ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பங்குனியில் உங்கள் ஊர்ப் பக்கம் வேலை இருக்கிறது, வந்து பார்க்கிறேன்.