ஷிராஸ் ஒயின் நொதிப்பு 4 பிரிக்ஸ் சர்க்கரையில் நின்றுவிட்டது, 1,000 லிட்டரைக் காப்பாற்ற வழி உண்டா?

திண்டோரி_கொடி:

நாசிக் மாவட்டம் திண்டோரி பக்கம், குடும்பமாக நடத்தும் சிறிய ஒயினரி. 2 ஏக்கர் ஷிராஸ் திராட்சை, டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியது. மார்ச் முதல் வாரம் அறுத்த 1,500 கிலோ பழம் ஒரே ஸ்டீல் டேங்கில் இருக்கிறது. தொடக்கத்தில் 24 பிரிக்ஸ், பிஎச் 3.85, ஈஸ்ட் 200 கிராம். 4-ஆம் நாள் கரண்ட் போய் சில்லர் 6 மணி நேரம் நின்றது, டேங்க் தெர்மாமீட்டர் 33 டிகிரி காட்டியது. 7-ஆம் நாளிலிருந்து ஹைட்ரோமீட்டர் 4-ஐ விட்டு இறங்கவில்லை. 8-ஆம் நாள் ஈஸ்டுக்கு நைட்ரஜன் சத்தாக டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) 300 கிராம் போட்டோம், பலனில்லை. இன்று 10-ஆம் நாள், லேசாக அழுகிய முட்டை வாடை. புது ஈஸ்ட் பாக்கெட்டை மேலே தூவினால் போதுமா? அடுத்த வருஷம் இப்படி ஆகாமலிருக்க தோட்டத்தில் என்ன மாற்றுவது?

நொதிக்கலன்:

தூவாதீர்கள். இப்போது உள்ளே சுமார் 11 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். உலர் ஈஸ்ட் அதில் விழுந்த உடனே செத்துப்போகும், காசுதான் வீண்.

ஹைட்ரோமீட்டர் 4 என்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஆல்கஹால் தண்ணீரை விட லேசானது என்பதால் அளவு குறைத்துக் காட்டும். முழுக்க நொதித்த ஒயின் மைனஸ் 1.5 வரை போகும். உங்கள் கணக்கில் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் விரல் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப் உதவாது. அது குளுக்கோஸை மட்டும் பார்க்கும், ஈஸ்ட் முதலில் தின்று முடிப்பதும் அதைத்தான். மிஞ்சி நிற்பது பெரும்பாலும் ஃபிரக்டோஸ். லேபில் இரண்டையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், கூடவே ஆவி அமிலமும் (வினிகர் புளிப்பு). அது லிட்டருக்கு 1 கிராமை நெருங்கியிருந்தால் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது, மீட்பது ரொம்பக் கஷ்டம்.

நின்றதற்குக் காரணம் அந்த 33 டிகிரிதான் என்று நினைக்கிறேன். தெர்மாமீட்டர் குழாய் சாற்றுக்குள் இருக்கிறது. மேலே மிதக்கும் தோல் அடுக்குக்குள் அதை விட 5 முதல் 8 டிகிரி அதிகம் இருக்கும், ஈஸ்ட் கூட்டமும் அங்கேதான். குளிர்விக்காமல் விட்டால் ஒவ்வொரு பிரிக்ஸ் இறங்கும்போதும் சுமார் 1.3 டிகிரி ஏறும். 4-ஆம் நாள் நொதிப்பு உச்சத்தில் இருக்கும், 6 மணி நேரம் தாராளம். அடுத்த முறை சில்லர் நின்றால் உடனே பம்ப் ஓவர் செய்து, அதாவது அடிச் சாற்றை மேலே இறைத்து, தோலை நனையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. தோலைப் பிழிந்து ஒயினைத் தனியாக எடுங்கள். காற்றுப் படும்படி தெறிக்க விட்டு வேறு டேங்குக்கு மாற்றுங்கள், முட்டை வாடையில் பாதி அதிலேயே போகும். 250 கிராம் ஈஸ்ட் ஓடு (ஈஸ்டின் வெறும் செல் சுவர்ப் பொடி) கலக்கி, 24 மணி நேரம் படிய விட்டு, மேலாக வடியுங்கள். செத்த ஈஸ்ட் விட்ட நச்சுக் கொழுப்பு அமிலங்களை அது உறிஞ்சிக்கொள்ளும். இந்தப் படியைத் தாண்டிப் போனால் மறு நொதிப்பும் பாதியில் நிற்கும்.

பிறகு ஈசி1118 மாதிரி ஆல்கஹால் தாங்கும் ஈஸ்ட் 400 கிராம். முதலில் 10 லிட்டர் தண்ணீரை 43 டிகிரிக்குச் சூடாக்கி, ஈஸ்ட் ஊறவைக்கும் சத்துப்பொடி 500 கிராம் கரையுங்கள். 40-க்கு இறங்கியதும் ஈஸ்டைப் போட்டு 20 நிமிடம் விடுங்கள். நுரை கட்டி ரொட்டி வாசம் வர வேண்டும். வராவிட்டால் பாக்கெட் பழசு, அந்தக் கலவையைக் கொட்டிவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 25 லிட்டர் ஒயின், 25 லிட்டர் தண்ணீர், 1.25 கிலோ சர்க்கரை. இது ஏறக்குறைய 5 பிரிக்ஸ் கலவை. ஈஸ்டின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாதபோது சேருங்கள். 22 முதல் 25 டிகிரியில் வையுங்கள். சர்க்கரை பாதியானதும் 50 லிட்டர் ஒயின், மறுபடி பாதியானதும் 100, அப்புறம் 200 200-ஆக. முறைக்கு முறை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு மொத்தத்தையும் ஊற்றினால் மறுபடி நின்றுவிடும். காத்திருக்கும் ஒயினுக்கு மேல் கரியமில வாயுவோ நைட்ரஜனோ நிரப்பி வையுங்கள்.

பீப்பாய்_மூலை:

வாடை பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் உடனே காப்பர் சல்பேட்டுக்குத் தாவுவார்கள். இப்போது போடாதீர்கள், மறு நொதிப்பு ஈஸ்டுக்கு அது விஷம். ஒயின் முழுசாக உலர்ந்த (சர்க்கரை தீர்ந்த) பிறகும் வாடை இருந்தால், இரண்டு கிளாஸில் எடுத்து ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு காப்பர் கரைசல் விட்டு முகர்ந்து பாருங்கள். போனால் அது ஹைட்ரஜன் சல்பைடு மாதிரி காப்பருக்குக் கட்டுப்படும் வாடை, சோதனை பார்த்து மிகக் குறைந்த அளவு போதும். போகாவிட்டால் காப்பர் போட்டும் பயனில்லை.

நின்ற பிறகு போட்ட டிஏபியும் அப்படித்தான். அந்த ஆல்கஹாலில் ஈஸ்ட் அமோனியாவை உள்ளே இழுக்காது. மிச்சம் கிடப்பது ஒயினைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. உங்கள் பிஎச் 3.85, புளிப்பு குறைவு, பாக்டீரியா எளிதில் வளரும் என்பதால் இதைக் கவனியுங்கள்.

திண்டோரி_கொடி:

நன்றி சார். பாக்டீரியாவை அடக்க இப்போதே கேஎம்எஸ் (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) போடலாமா? எவ்வளவு?

பீப்பாய்_மூலை:

முழு அளவு இப்போது வேண்டாம், புது ஈஸ்டும் அடங்கிவிடும். லைசோசைம் என்ற நொதி 250 கிராம் போடலாம். லாக்டிக் பாக்டீரியாவை நிறுத்தும், ஈஸ்டைத் தொடாது. சிவப்பு ஒயினில் நிறம் சற்று இறங்கும். அசெட்டிக் பாக்டீரியாவுக்கு இது வேலை செய்யாது, அதற்கு காற்றுப் படாமல் டேங்கை விளிம்பு வரை நிரப்புவதுதான் வழி.

உலர்ந்த பிறகு கேஎம்எஸ். பிஎச் 3.5 என்றால் 25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) தனி, அதாவது ஒயினில் கட்டுண்டு போகாத, சல்ஃபர் டை ஆக்சைடு போதும். 3.8-இல் அதே பாதுகாப்புக்கு 50 தேவை, ஏறக்குறைய இரட்டிப்பு. கேஎம்எஸ் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் சல்ஃபர் டை ஆக்சைடு என்பதால் 1,000 லிட்டருக்கு 90 முதல் 100 கிராம். ஒரு பங்கு உடனே கட்டுண்டு போகும், மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து குறையை நிரப்புங்கள்.

கவாத்துக்_கத்தி:

தோட்டக் கேள்விக்கு வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை ஆண்டு முழுக்க மாற்றி மாற்றிக் கவாத்து செய்து அறுப்பார்கள். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் காய்க் கவாத்து, அறுவடை ஒன்றுதான். காய்க் கவாத்து தள்ளிப்போனால் பழம் மார்ச் வெயிலில் மாட்டும். அமிலம் எரிந்துபோய் பிஎச் ஏறும். முன்னதாகச் செய்தால் பின் மழையில் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும், மருந்துச் செலவு கூடும். உங்கள் அறுவடையை பிப்ரவரிக்குள் கொண்டுவர முடிகிறதா என்று முதலில் பாருங்கள். விடியலில் தொடங்கி 9 மணிக்குள் அறுப்பை முடியுங்கள்.

டாக்ரிட்ஜ் வறட்சியைத் தாங்கும், ஆனால் பொட்டாசியத்தை அளவுக்கு மீறி இழுக்கும். அதுவே உங்கள் 3.85-க்குப் பாதிக் காரணம். பூக்கும் சமயம் இலைக்காம்பு சோதனை பார்க்காமல் பொட்டாஷ் உரம் வைக்காதீர்கள். புதிதாக நடும் வரிசைக்கு 110ஆர் வேர்ச்செடி நல்லது.

பழம் டேங்குக்கு வந்ததும் ஈஸ்டுக்குக் கிடைக்கும் நைட்ரஜன் அளவை லேபில் பாருங்கள். 24 பிரிக்ஸுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமாவது வேண்டும். 1,000 லிட்டர் சாற்றுக்கு 250 கிராம் டிஏபி லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் தரும். குறையைக் கணக்கிட்டு, நொதிப்பு தொடங்கியதும் பாதி, சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் மீதி. டார்டாரிக் அமிலம் நொதிப்புக்கு முன்பே. லிட்டருக்கு 1 கிராம் போட்டால் பிஎச் சுமார் 0.1 இறங்கும், பொட்டாசியம் அதிகமுள்ள சாற்றில் அதை விடக் குறைவாகவே இறங்கும். அதனால் ஒரு லிட்டர் சாற்றில் முதலில் கலந்து பார்த்துவிட்டு டேங்குக்குப் போடுங்கள்.

நனையும் கந்தகத்தை அறுவடைக்கு 5 வாரம் முன்பே நிறுத்துங்கள். தோலில் தங்கிய கந்தகத்தை ஈஸ்ட் முட்டை வாடையாக மாற்றும். இந்த வருஷம் கடைசியாக எப்போது தெளித்தீர்கள் என்று மருந்துப் பதிவேட்டில் பார்த்து எழுதுங்கள், வாடை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.