போட்டோகிராப் புரியுது, போட்டோகிராபி மட்டும் புரியலையாம்!

கேமராக்காரன்:
கல்யாண போட்டோதான் பிழைப்பு, பதினோரு வருஷமா. போன வாரம் மாப்பிள்ளையோட லண்டன் சிநேகிதர், வெள்ளைக்காரர், போன்ல பேசினார். "போட்டோகிராபி"ன்னேன். "ஸாரி?"ன்னார். 'போ'வ நல்லா இழுத்துச் சொன்னேன். மறுபடியும் "ஸாரி?" மூணாவது தடவை அவரே, "ஓ, ஃபடாக்ரஃபி!"ன்னார். என் தொழில் பேரே என் வாயில வரல. 'போட்டோகிராப்'னு சொன்னா மட்டும் சட்டுனு புரியுது. வால்ல ஒரு 'இ'தானே கூடுதல்?

ஓய்வு பெற்ற டீச்சர்:
அந்த வால்தான் தம்பி வேலையைக் காட்டுது. ஃபோட்டக்ராஃப்ல அழுத்தம் முதல் சிலபிள்ல, அதாவது வாய் ஒரே வீச்சுல சொல்ற முதல் ஒலித்துண்டுல. 'கிராஃபி'ன்னு முடிஞ்சா அதுக்கு முந்தின சிலபிளுக்கு அழுத்தம் தாவிடும்: ஃப-டாக்-ர-ஃபி. அழுத்தம் போன 'போ' வத்திப்போய் 'ஃப' ஆயிடும். நீங்க அதைப் போய் இழுத்தா அவருக்கு எப்படிப் புரியும்? பள்ளிக்கூடத்துல 'ஜியாக்ரஃபி' பீரியட்னுதானே சொன்னோம்? 'ஜியோகிராபி'ன்னா சொன்னோம்? அதே கணக்குதான்.

'இக்' சேர்ந்தா இன்னொரு தாவல். ஃபோட்டக்ராஃபிக்ல 'க்ரா' மேல விழும். எகானமில 'கா', எகனாமிக்ல 'னா'. அராபிக், கத்தோலிக் மாதிரி அடங்காத பிள்ளைகளும் உண்டு. அங்கே அழுத்தம் முதல்லயேதான்.

வெண்பா பிரியன்:
சிலபிள்னா நம்ம நேரசை, நிரையசைதானே அம்மா?

ஓய்வு பெற்ற டீச்சர்:
இல்லப்பா. 'மலர்' நமக்கு ஒரே நிரையசை. சிலபிள் கணக்குல ம, லர்னு ரெண்டு.

இன்னொண்ணு, வாய் பிரிக்கிற இடமும் பொருள் பிரியுற இடமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. ஹெலிகாப்டரை ஹெ-லி-காப்-டர்னு சொல்றோம். உள்ளே இருக்கிறது ரெண்டு கிரேக்கச் சொல்: சுழல்னு 'ஹெலிக்ஸ்', இறக்கைன்னு 'ப்டெரான்'. 1861ல பிரெஞ்சுல உருவான பேரு. அதுல 'ப்' இறக்கையோட சேர்ந்தது. வாய்தான் அதைப் பிடுங்கி 'கா'வோட ஒட்டிடுச்சு. போதாக்குறைக்கு இங்கிலீஷ்காரங்களே பாதியா வெட்டி 'காப்டர்'னு தனியா ஓட்டுறாங்க!

கேமராக்காரன்:
ராத்திரி ஆல்பம் ஒட்டிக்கிட்டே ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன், ஃபடாக்ரஃபி வந்துடுச்சு. டீச்சரம்மா, அப்போ 'வீடியோகிராபி'?

ஓய்வு பெற்ற டீச்சர்:
விடியாக்ரஃபி.

கேமராக்காரன்:
போச்சு. விசிட்டிங் கார்டுல அதுவும் இருக்கு.