புதுப்பிப்பு: மதர்போர்டு பிழைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆன இரண்டே நொடியில் அணைகிறது, சிபியு பக்கத்தில் ஐந்து கெப்பாசிட்டர்களின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகள்) தலை உப்பியிருக்கிறது என்று. மாற்றிவிட்டேன், ஓடுகிறது.

பழையவை 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட். நாகர்கோவிலில் முதலில் ஏறிய கடையில் சாதாரண வகையை நீட்டினார்கள். அது இங்கே தாங்காது. ஈஎஸ்ஆர் (உள்ளே இருக்கும் மின்தடை) குறைந்த, 105 டிகிரி சூடு தாங்கும் வகைதான் வேண்டும். கடைசியில் வடசேரியில் ஒரு அண்ணாச்சியிடம் 10 வோல்ட்டில் கிடைத்தது. வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையத்தான் கூடாது.

கழற்றுவதுதான் பெரும்பாடு. 25 வாட் சோல்டரிங் அயர்னுக்கு ஈயம் இளகவே இல்லை. போர்டுக்குள் இருக்கும் கிரவுண்ட் செம்புப் படலம் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. 60 வாட் ஒன்று இரவல் வாங்கி, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, கெப்பாசிட்டரின் இரண்டு கம்பிக் கால்களையும் ஒன்று மாற்றி ஒன்று சூடாக்கி அசைத்து எடுத்தேன். அடைத்த துளையைத் திறக்கப் பல்குத்தும் மரக்குச்சி போதும். புதியதைப் பொருத்தும்போது கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், அதை மட்டும் மூன்று தடவை பார்த்தேன்.

அப்புறம், "குளச்சல் கடல்காற்றுதான் காரணம்" என்றவர்களுக்கு: உப்புக்காற்று கெப்பாசிட்டரின் கம்பிக் காலைத் துருவேற்றும், தலையை உப்ப வைக்காது. அது உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் திரவத்தின் கோளாறு. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது சகஜம்.

நான்கு நாளாக அணையவில்லை. இரவல் அயர்னைத்தான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.