ஓடும்போது கழன்ற சேடில் பேக்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நாமக்கல் ரைடர்:
கொல்லிமலை இறக்கம். 70 வளைவுகளில் பாதிக்கு மேல் இறங்கியாயிற்று. முன்னால் தம்பி. அவன் பைக் சீட்டின் இரு பக்கமும் தொங்கும் சேடில் பேக்கில் ஒன்று மெல்லச் சரிவது பின்னால் வரும் எனக்குத் தெரிகிறது. ஹாரன் அடித்தேன். வழி கேட்கிறேன் என்று நினைத்து இடது ஓரம் ஒதுங்கினான். அந்த ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லை. அதே நேரம் தொங்கிய நாடா பின்சக்கரத்தில் சுற்றி, சக்கரம் பூட்டி, வண்டி தார் முடிகிற இடம் வரை இழுத்துக்கொண்டே போய் நின்றது. அவனுக்குக் கீறல்கூட இல்லை. எனக்குத்தான் இன்னும் ராத்திரியில் அந்த ஓரம் கண்ணுக்குள் வருகிறது. உடைந்தது பிளாஸ்டிக் பக்கிளின் ஒரு பல். வெயிலில் வெளிறிப் போயிருந்தது. அவ்வளவு விலைக்கு விற்கிற பேக்கில், மொத்தப் பாரத்தையும் பிடிக்கும் இடத்தில் இதையா வைப்பார்கள்?

வேலூர் பயணி:
நான் பார்த்தது வேறு மாதிரி. ராத்திரி, வாணியம்பாடி தாண்டி, பெங்களூர் ரோடு. முன்னால் போன லாரி சட்டென்று ஒடித்துத் திருப்பியபோதுதான் ரோட்டில் ஏதோ கிடக்கிறது என்றே தெரிந்தது. ஓரம் நிறுத்தி, வண்டி வராத நேரம் பார்த்து இழுத்து வந்தேன். ஜோடி பேக்கில் ஒன்று. உள்ளே குழந்தை ஸ்வெட்டர், பால் பவுடர் டப்பா, இன்சுலின் பேனா. யாரோ அன்று ராத்திரியே அந்த இன்சுலினைத் தேடியிருப்பார்கள். பெயர், நம்பர் எதுவும் இல்லை. டோல்கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன், போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. இரண்டு பேக்கையும் சீட்டுக்கு மேலே சேர்க்கும் இடத்தில் வெறும் வெல்க்ரோ. புழுதி அடைத்து, கையால் அழுத்தினாலும் ஒட்டவில்லை. தயவுசெய்து பேக்குக்குள் ஒரு போன் நம்பர் எழுதி வையுங்கள்.

திண்டுக்கல் கிளாசிக்:
நாமக்கல் அண்ணா, பக்கிள் மேல் மட்டும் பழி போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேக்கைச் சக்கரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் கம்பி, சேடில் ஸ்டே, இருந்ததா? சாரி கார்டை அழகுக்காகக் கழற்றிவிட்டாரா? சிறுமலையில் என் பேக்கும் சரிந்து சைலென்சர் மேல் உட்கார்ந்தது. ஓட்டை விழுந்து, துணி கருகி, அதோடு போனது. சக்கரத்துக்குள் போகாமல் காத்தது ஸ்டே கம்பிதான்.

சீட்டுக்கு மேலே போகும் நாடா பேக்கைத் தொங்கவிடத்தான். ஆட்டத்தை நிறுத்துவது கீழ் நாடாக்கள். ஒன்று முன்னோக்கி ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டுக்கு, ஒன்று பின்னோக்கிக் கம்பிக்கு. இரண்டும் எதிரெதிராக இழுக்க வேண்டும். மிச்ச நாடாவைத் தொங்கவிடாமல் சுருட்டி ரப்பர் போடுங்கள். நாடா எதில் நெய்தது என்றும் கேட்டு வாங்குங்கள். பாலிப்ரோபிலீன் சுமார் 160 டிகிரியில் உருகிவிடும், பாலியெஸ்டர் உருக சுமார் 250 ஆக வேண்டும். சைலென்சர் பக்கம் இது பெரிய வித்தியாசம். கனமான சாமான் அடியில், இரண்டு பக்கமும் சம எடை. மழைக் கவரையும் ஒரு நாடாவால் கட்டுங்கள், காற்று பிடித்துக்கொண்டு போகும். முதல் பத்துக் கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். சாமான் அமுங்கினதும் நாடா தொளதொளவென்று ஆகிவிடும். மேலே வைக்கும் சின்னச் சாமானுக்கு எலாஸ்டிக் கயிறு போதும்.

தூத்துக்குடி தம்பி:
எலாஸ்டிக் கயிறு போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணா. எங்கள் மாமா பேக் மேல் டென்ட்டை வைத்து இழுத்து மாட்டும்போது மறுமுனைக் கொக்கி கழன்று நேராகக் கண்ணில் அடித்தது. கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கில் ரத்தம். அரவிந்தில் ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் நிழல்தான் தெரிகிறது. வண்டி ஸ்டாண்டில்தான் நின்றது, ஓடவே இல்லை. முனையில் கொக்கிக்குப் பதில் வளையம் தைத்த நாடா கிடைக்கிறது. கம்பியைச் சுற்றி அதற்குள்ளேயே நுழைத்து இழுத்தால் போதும், தெறிக்க எதுவும் இல்லை.

கோவை ஹிமாலயன்:
ஸ்டே இருந்தால் போதுமா? ஸ்டேயைப் பிடிப்பது போல்ட். மணாலியிலிருந்து லே போகும்போது, காட்டா லூப்ஸ் வளைவுகள் ஏறிப் பாங் போய்ச் சேர்வதற்குள் அதிர்விலேயே ஒரு போல்ட் விழுந்துவிட்டது. ஸ்டே, பேக் எல்லாம் சேர்ந்து டயரில் உரசும் சத்தம். வெட்டவெளி, நல்ல காற்று, மூச்சு வாங்குகிறது. பெட்ரோல் டேங்கர் ஓட்டி வந்த சர்தார்ஜி ஒருவர் கேட்காமலே நிறுத்தி, கட்டுக்கம்பியைப் போல்ட் ஓட்டையில் விட்டு முறுக்கிக் கட்டிக் கொடுத்தார். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். லே வரை அந்தக் கம்பிதான் தாங்கியது. இப்போது எல்லா இடத்திலும் உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட். வெறும் ஸ்ப்ரிங் வாஷரை நான் நம்புவதில்லை.

திண்டுக்கல் கிளாசிக்:
லாக் நட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் நைலான் பிடிமானம் போய்விடும். நட் போட இடமில்லாத போல்ட்டுக்கு நீல நிற லாக்டைட், அதாவது மரையைக் கழலாமல் பிடிக்கும் பசை, விடுங்கள். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற வராது.

நாமக்கல் ரைடர்:
தம்பி திண்டுக்கல், சாரி கார்டு இருந்தது. சரிந்தது மறுபக்கத்து பேக். ஸ்டேயும் இருந்தது, நாடா அதன் அடியில் புகுந்து போனது. அதனால் பக்கிள் விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை. சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்து, பழைய நாடாவைப் பிரித்துவிட்டு லாரி தார்ப்பாய் கட்டும் அகல நாடாவும் நாடாவைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் உலோகக் கேம் பக்கிளும் வைத்துத் தைத்தாயிற்று. நாடாவை எத்தனை வரிசை தைப்பது என்று கடைக்காரர் கேட்டார். பெட்டி போட்டுக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தைக்கச் சொன்னேன். கோவை அண்ணா, அந்த லாக் நட் என்ன சைஸ்? 8 எம்எம் தானே?